எங்கள் வளவில் வயலட் இருக்கிறதா? ஓரிதழ் தாமரையை அடையாளம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை மழை விட்ட கையோடு என் போனுக்கு வரும் படங்களில் பாதி ஊதாப் பூப் படங்கள்தான். "இது வயலட்டோ?" என்று ஊரில் இருப்பவர்களும் கேட்கிறார்கள், ரொறன்ரோவிலிருந்து வந்து நிற்கிறவர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டது. கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே ஒன்றாகப் போடுகிறேன். நான் தாவரவியல் படித்தவள் அல்ல. பதினைந்து வருடமாக வீட்டு வளவில் குனிந்து பார்த்துப் பார்த்துப் பழகியவள், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் வயலட் வளருமா? அது குளிர் ஊர்ச் செடி அல்லவா?

இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். 'வயலட்' என்று படத்தில் பார்க்கிற செடிகள் வயோலா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அதில் மட்டும் 500-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை குளிர் நாடுகளிலும் மலைகளிலும் வளர்பவை. இலங்கையிலும் இயற்கையாக வளரும் வயோலாக்கள் இருக்கின்றன, ஆனால் மலைநாட்டில். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் இருப்பது கடலோடு ஒட்டிய சுண்ணாம்புக்கல் தட்டு. அந்த வயோலாக்களை இங்கே தேடுவது வீண் வேலை.

ஆனால் வயலட் குடும்பம் வயோலாவோடு முடிந்துவிடவில்லை. இலங்கைக் காடுகளில் ரினோரியா என்று ஒரு சிறுமர வகையே அந்தக் குடும்பத்தில் இருக்கிறது. அதே குடும்பத்தில் வெயிலும் மணலும் பிடித்த ஒரு சிறு செடி எங்கள் வளவுகளிலும் வயல் வரம்புகளிலும் பனங்காணிகளிலும் வளர்கிறது. அதுதான் ஓரிதழ் தாமரை. யாரும் கொண்டுவந்து நட்டது அல்ல, இந்த மண்ணுக்கே உரியது. ஆபிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை வழியாக வெப்பமான ஆசியா முழுக்கப் பரவியிருக்கும் செடி.

அது வயலட் என்று யார் சொன்னது? தாமரை என்றல்லவா பெயர்?

தாமரைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரேயொரு இதழ் பெரிதாக விரிந்து நிற்பதைப் பார்த்த யாரோ வைத்த பெயர். நல்ல பெயர்தான், செடியை நன்றாகப் பார்த்தவர் வைத்த பெயர்.

வயலட் என்று எழுதிவைத்தவர் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ். 1753-இல் அவர் இதற்கு இட்ட பெயர் வயோலா எனியாஸ்பெர்மா, அதாவது ஒன்பது விதை வயலட். (நான் உடைத்து எண்ணிய காய்களில் எல்லாம் ஒன்பது இருக்கவில்லை. லின்னேயஸோடு சண்டைக்குப் போக விருப்பமில்லை.) பிறகு ஹைபந்தஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். கிரேக்கத்தில் 'கூன் பூ' என்று பொருள். பூ கழுத்தை வளைத்துத் தொங்குவதைப் பார்த்தால் பொருத்தம் புரியும். 2015-இல் பழைய உலகத்து இனங்களை, அதாவது ஆபிரிக்கா, ஆசியாப் பக்கத்தவற்றை, தனியே பிரித்து அஃப்ரோஹைபந்தஸ் என்று இன்னொரு பெயர் வந்தது. தேடும்போது மூன்று பெயரிலும் தேடுங்கள். பழைய கட்டுரைகளில் ஐயோனிடியம் என்றும் வரும். எல்லாம் ஒரே செடிதான்.

சரி, எப்படி அடையாளம் காண்பது?

முதலில் ஒன்றை மறக்க வேண்டும்: இதய வடிவ இலை. இணையத்தில் வயலட் என்று தேடினால் வருவதெல்லாம் அந்த இலைதான். அதை மனதில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றினால் வல்லாரையில் போய் நிற்பீர்கள். ஓரிதழ் தாமரையின் இலை ஒடுக்கமாக, நீளமாக, காம்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்குத் தண்டோடு ஒட்டி இருக்கும். தண்டில் மாறி மாறி ஏறும். விளிம்பில் சில இலைகளுக்கு மெல்லிய பல் இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. இலை தண்டில் சேரும் இடத்தில் ஊசி முனை போல ஒரு சோடிச் சிறு செதில் தெரிந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். செடி ஒரு சாண், மிஞ்சினால் இரண்டு சாண். அடியில் தண்டு கொஞ்சம் கட்டையாக, மரம் போல இருக்கும்.

பூ இல்லாமல் இதைச் செருக்கிக் குப்பையில் போடுவது மிகச் சுலபம். நானே எத்தனையோ தரம் செய்திருக்கிறேன். ஆகவே பூக்கும்வரை பொறுங்கள்.

பூ வந்ததும் காலையிலேயே போய்க் குந்தி இருந்து பாருங்கள். இலைக் கக்கத்திலிருந்து நூல் போல ஒரு காம்பு வரும், அதன் நுனியில் ஒரே ஒரு பூ. காம்பை விரல் நகத்தில் வைத்துப் பார்த்தால், பாதிக்கு மேலே ஒரு கணு தெரியும், முழங்கை மடிந்த மாதிரி. பலர் இந்தக் கணுவைக் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் நம்பிக்கையான அடையாளம்.

பிறகு பூவை முன்னால் இருந்து பாருங்கள். ஒரு இதழ்தான் இருக்கிறது என்று தோன்றும். விரல் நகத்தளவு, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம், அடி ஒடுங்கி நுனி விசிறி போல விரிந்திருக்கும், மெல்லிய கோடுகள் ஓடும். எங்கள் வீட்டில் இதைக் கத்தரிப்பூ நிறம் என்போம். அந்த விசிறிக்கு மேலே, அதன் அடியில் பதுங்கினாற்போல இன்னும் நாலு இதழ் இருக்கிறது. மொத்தம் ஐந்து. மேல் இரண்டு மிகவும் சின்னது. பக்கத்து இரண்டு கொஞ்சம் நீளம். பெயர்தான் ஓரிதழ், கணக்கில் ஐந்திதழ்.

கடைசியாக, பூவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பெரிய இதழின் அடி சிறு பை போலப் புடைத்திருக்கும். வயலட் குடும்பத்துக் கையெழுத்து இது. மலைநாட்டு வயோலாவில் இதே இடத்தில் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், இதில் பையோடு நின்றுவிடுகிறது. தேன் அதற்குள்தான். தேனீ உட்கார ஒரு திண்ணையும், உள்ளே ஒரு அடுக்களையும் கட்டிவைத்த மாதிரி.

காயைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியும், பூவை விடச் சுலபமாக. மிளகை விடக் கொஞ்சம் பெரிய உருண்டைக் காய். முற்றியதும் மூன்றாகப் பிளக்கும். பிளந்த மூன்று பகுதியும் மூன்று வள்ளம் போல, நடுவிலிருந்து மூன்று திசைக்கு விரியும். வள்ளத்துக்குள் வெளிர் மஞ்சள் விதைகள் வரிசையாக இருக்கும். உருப்பெருக்கியால் பார்த்தால் விதையின் மேலே நீளவாக்கில் கோடுகள்.

ஒருமுறை முற்றிய காய் நாலைந்தை ஒரு சின்னத் தட்டில் வைத்து மேசையில் விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் தட்டில் வெறும் வள்ளங்கள். விதைகள் மேசை விரிப்பிலும் கண்ணாடிக் கூட்டிலும் ஒன்று தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளும். வள்ளம் காயக் காய அதன் இரு கரையும் உள்ளே நெருக்கும், வழுக்கும் விதை பிதுங்கித் தெறிக்கும். புளியங்கொட்டையை இரண்டு விரலால் அமத்தினால் பாய்கிறதே, அதே வேலைதான். வயோலாக்களிலும் பல இனங்கள் இப்படித்தான் விதை எறிகின்றன.

என் வளவில் இருப்பது அதுவல்ல என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஊதாப் பூ பல இருக்கிறதே.

எனக்கு அனுப்பப்பட்ட படங்களில் அதிகம் வந்தவற்றைச் சொல்கிறேன்.

பட்டிப்பூ: நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். ஐந்து இதழும் ஒரே அளவு, இலை எதிர் எதிரே சோடியாக. இதை வயலட் என்று அனுப்பியவரை நான் மன்னித்துவிட்டேன்.

காய் வெடிக்கும் செடி: பள்ளிக்கூட நாளில் அதன் நீளமான காய்ந்த காயைத் தண்ணீரில் போட்டு, வாயில் எச்சில் தொட்டு, வெடிக்க வைத்து விளையாடுவோமே, அதுதான். தாவரவியலில் ருவெலியா டியூபரோசா. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே நிலைத்துவிட்டது. பூ புனல் வடிவம், நல்ல ஊதா, இரண்டு அங்குலம் அளவு. வெடிக்கும் காய் என்பதால் பலர் இதை நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இதன் இலை சோடி சோடியாக வரும், காயும் நீளம்.

சங்குப்பூ: இதுதான் உண்மையில் கொஞ்சம் ஏமாற்றும். இதிலும் ஒரு பெரிய இதழ்தான் முன்னே தெரியும். ஆனால் கொடி, வேலியில் ஏறும், காய் அவரை போல.

காவிளாய்: இந்தியாவில் கொழுஞ்சி என்பார்கள். வயலுக்குப் பசளையாகக் குழை தாழ்த்தியவர்களுக்குத் தெரியும். பூ அவரைப்பூ மாதிரி, இலை சிறு சிறு இலைகளாகப் பிரிந்திருக்கும். தூரத்தில் நிறம் ஒன்றுபோலத் தெரிவதால் வரும் குழப்பம்.

விஷ்ணுகிராந்தி: பூ சட்டைப் பொத்தான் மாதிரி வட்டம், நீலம், எந்தப் பக்கமும் பெரிது சிறிது இல்லை. செடி தரையோடு படரும்.

கானாவாழை: ஈரமான கிணற்றடியில் வரும் நீலப்பூ. இதழ் இரண்டு தூக்கி நிற்கும். இலையைப் பார்த்தால் புல்லும் வாழையும் கலந்த மாதிரி, தண்டைச் சுற்றி உறை போட்டிருக்கும்.

அப்புறம் வல்லாரை. சம்பல் போடுகிற அதே வல்லாரைதான்.

வல்லாரையை யார் வயலட் என்று சொல்வார்கள்?

போனில் இருக்கும் செயலிகள் சொல்லும். என் பெரியம்மாவின் மகள் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தபோது கிணற்றடி வல்லாரையைப் படம் பிடித்தாள். செயலி வயலட் என்றது. அவளுக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அங்கே அவளுடைய புற்றரையில் வசந்தத்தில் தானாக வருகிற வயோலா சொரோரியா அச்சு அசலாக அப்படித்தான் இலை விடும்: நிலத்திலிருந்து நேரே எழும் காம்பு, நுனியில் இதயம். "அக்கா, எங்கட வீட்டுப் புல்லுக்கையும் இதுதான் நிக்குது, கிள்ளிக் கிள்ளிக் கை நோகுது" என்றாள். "அதைத்தான் மத்தியானம் சம்பலிலை சாப்பிட்டனீர்" என்றேன்.

வல்லாரை நிலத்தில் ஓடும், ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும், இலையைக் கசக்கினால் வல்லாரை வாசம் வரும். பூ வெளியே தெரியாத அளவுக்குச் சின்னது. செயலியைத் திட்டுவதில் பயனில்லை. இலையை மட்டும் படம் எடுத்துக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

அப்படியென்றால் எப்படிப் படம் எடுத்து அனுப்புவது?

முழுச் செடி ஒன்று, பூவின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இலை தண்டில் சேரும் இடம் ஒன்று, காய் இருந்தால் அதுவும். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயக் குற்றியை வையுங்கள், அளவு தெரியும். பின்பக்கப் படம் இல்லாமல் வருகிற கேள்விக்கு நான் 'தெரியாது' என்றுதான் பதில் எழுதுவேன். உறுதியாகத் தெரியவேண்டும் என்றால், பூவும் காயும் உள்ள சிறு கிளையைப் பேப்பருக்குள் வைத்து, மேலே பாரம் வைத்து, காய்ந்தபின் தாவரவியல் படித்தவரிடம் காட்டுங்கள். நாட்டின் தேசிய உலர்தாவரச் சேகரம் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

எந்த மாதத்தில், எங்கே பார்க்கலாம்?

எங்கள் வளவில் ஐப்பசி மழையோடு முளைக்கும், மார்கழி, தை என்று பூத்துத் தள்ளும். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று தொடங்கும்போது மேலே காய்ந்துபோய் அடிக்கட்டை மட்டும் நிற்கும். கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்தில் நின்றால் கோடையிலும் ஒன்றிரண்டு பூ காணலாம்.

நிழல் பிடிக்காது. மாமரத்துக்குக் கீழே தேடாதீர்கள். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணிலும் கண்டிருக்கிறேன், ஆனால் வடமராட்சிக் கரையோர மணலில் அது இன்னும் சந்தோஷமாக இருக்கிறது. அம்மம்மா வீட்டுப் பனங்காணியில் ஒரு பாய் விரிக்கும் இடத்துக்குள் பத்துப் பன்னிரண்டு எண்ணினேன். ஆடு கட்டும் இடத்தில் எண்ண ஒன்றும் மிஞ்சாது.

செடியில் முள்ளு முள்ளாகப் புழு இருக்கிறது. மருந்து அடிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். செம்பழுப்பு நிறம், உடம்பு முழுக்கக் கிளைத்த கரும் முள், கூட்டமாக இருந்து இலையைத் தின்கிறதென்றால் அனேகமாக அது அக்ரேயா என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. செம்மஞ்சள் இறக்கையில் கரும்புள்ளி, அவசரமே இல்லாமல் தாழப் பறக்கும், வளவில் தினமும் காண்கிற வண்ணத்துப்பூச்சிதான். இன்றைக்கு அதன் பெயர் அக்ரேயா டெர்ப்சிகோரி. ஆனால் நீண்ட காலம் புத்தகங்களில் இருந்த பெயர் அக்ரேயா வயோலே, 'வயலட்டினுடைய' என்று பொருள். வண்ணத்துப்பூச்சியைக் கண்டு செடியைத் தேடலாம் என்று இதை வைத்துச் சொல்வேன். ஒரு சிக்கல்: அதே புழு, வேலியில் படர்ந்து வலைப்பைக்குள் காய்க்கிற காட்டுக் கொடித்தோடையையும் தின்னும். ஆகவே பூச்சி பறக்கிறது என்பதற்காக ஓரிதழ் தாமரை இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

செடி மொட்டையானால் கவலை வேண்டாம். கட்டை உயிரோடு இருந்தால் மழைக்குத் துளிர்க்கும்.

வேரோடு பிடுங்கிப் பூச்சாடியில் வைக்கலாமா?

நான் மூன்று முறை முயன்று மூன்றும் போய்விட்டது. வேர் நேரே கீழே இறங்குகிறது, கிளப்பும்போது அறுந்துவிடுகிறது. விதைதான் வழி. காய் பச்சை மாறி வெளிறும்போது, பழைய மெல்லிய துணித் துண்டால் தளர்வாகக் கட்டிவிடுங்கள், தெறிக்கும் விதை அதற்குள் விழும். மழை தொடங்கும்போது மணல் கலந்த மண்ணில் மேலாகத் தூவுங்கள். ஆழப் புதைக்க வேண்டாம். எருவும் வேண்டாம். நல்ல எரு போட்ட சாடியில் எனக்கு இலைதான் வந்தது.

கடையில் 'வயலட்' என்று விற்கிறார்களே, அது?

பெரும்பாலும் ஆபிரிக்க வயலட். வெல்வெட் மாதிரி மயிர் இலை, சாடியில் வளர்வது. தான்சானியா, கென்யா மலைகளிலிருந்து வந்தது. வயலட் குடும்பமே இல்லை. நானும் ஒரு நாற்றுக் கடையில் "நல்ல வெயிலுக்கு நிற்கும் வயலட்" என்று நம்பி வாங்கினேன். இரண்டு நாளில் அவித்த கீரை. நுவரெலியாவில் பூங்காக்களில் காணும் முகம் மாதிரிப் பூ, பான்சி, அது உண்மையான வயோலாக் கலப்பினம். குளிர் வேண்டும்.

மருந்துச் செடி என்கிறார்களே, சாப்பிடலாமா?

சித்த மருத்துவத்தில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. இரத்தினபுருஷ் என்ற பெயரிலும் வரும், ஆண்களுக்கான வலுவூட்டி என்றே அதிகம் பேசப்படுகிறது. ஊரில் பெரிசுகளிடம் கேட்டால் ஒரு நமட்டுச் சிரிப்போடு பேச்சை மாற்றுவார்கள். எந்த நோய்க்கு, எந்த அளவு, எதோடு சேர்த்து என்பதைப் படித்த சித்த வைத்தியர் சொல்ல வேண்டும். கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவம் கற்பிக்கும்போது யூடியூப்பைக் கேட்டுக் கசாயம் காய்ச்சுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மற்ற மருந்து குடிக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. மருந்துக்குச் சமூலமாக, அதாவது வேர் முதல் பூ வரை முழுதாகப் பிடுங்குகிறார்கள். விதை விழ முன்னமே பிடுங்கினால் அடுத்த மாரியில் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. கனடாவில் வயலட் பூவைச் சாலட்டில் போடுகிறார்கள் என்பதற்காக இந்தப் பூவையும் போடலாம் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அது வேறு செடி தம்பி.

'ஓரிலைத் தாமரை'யும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஓரிலைத் தாமரை என்பது நிலத்திலிருந்து ஒரேயொரு வட்ட இலை விடும் நெர்விலியா என்ற தரை ஆர்க்கிட். இதழும் இலையும் வாயில் மாறி மாறிப் போய், மருந்துக்கடைச் சீட்டிலும் மாறிவிடுகிறது. வாங்கும்போது காய்ந்த சரக்கில் மூன்று வள்ளக் காய் இருக்கிறதா பாருங்கள்.

முற்றத்தைத் தினமும் கூட்டுகிறோம், புல்லுச் செருக்க ஆள் வருகிறார். செடியை எப்படிக் காப்பாற்றுவது?

முற்றம் புல்லில்லாமல் வெளித்து இருக்கவேண்டும் என்பது எங்களுக்கு இரத்தத்தில் ஊறியது, அதை மாற்றச் சொல்லி நான் கேட்க மாட்டேன். வேலி ஓரமாக ஒரு பாய் அகலத்தை மாசி முடியும்வரை விட்டுவிட்டால் போதும், அதற்குள் விதை தெறித்துவிடும். உழவாரத்தோடு வருகிறவருக்கு வாயால் சொன்னால் மறந்துவிடுவார். நான் நாலு மூலையிலும் பூவரசந் தடி நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டு, "ஐயா, இதுக்குள்ள மட்டும் கை வைக்காதேங்கோ" என்றேன். சொன்ன சொல் தவறவில்லை. தடிக்குள் இருந்த அறுகம்புல்லைக்கூடத் தொடவில்லை. தடிக்கு வெளியே மதிலோரம் தானாக முளைத்து, முதல் பூ விட்டிருந்த இன்னொரு ஓரிதழ் தாமரையை மட்டும் வழித்துச் சுத்தமாக்கிவிட்டுப் போயிருந்தார்.